பூஜையில் வைத்த பட்டியல்

இதை எழுத ஏழு வருஷம் தயங்கினேன். முதல் வருஷம் பேனாவையே தொடவில்லை. பிறகு சாக்குகள் வந்தன. சம்பா நடவு முடியட்டும், மகளுக்குப் பரீட்சை முடியட்டும், இந்த மழை விடட்டும். போன வருஷம் ஆவணியில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். அதற்குக் கீழே ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு வரி ஏறவில்லை. பிளஸ் டூ படித்தவனுக்கு எழுத்து எங்கே வரப்போகிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அதுவும் சாக்குதான். எங்கள் மாரியம்மன் சந்நிதியில் நின்று மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவளுக்குச் சொன்னதை மனுஷர்களுக்குச் சொல்லத்தான் இத்தனை காலம்.

பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் போகிற ரோட்டில் இறங்கி வாய்க்கால் கரையோடு உள்ளே வந்தால் எங்கள் ஊர். பஸ் நிற்கிற இடத்தில் எனக்கு ஒரு கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், பட்டா சிட்டா எடுத்துக் கொடுப்பது, பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு போடுவது. கும்பகோணத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் ரிப்பேர் படித்தேன். மற்றதெல்லாம் இன்டர்நெட்டில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

என் மனைவிக்கு முதல் பிரசவத்தில் ரத்தம் வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் நன்னிலத்திலிருந்து பைக்கில் வந்து கொடுத்துவிட்டு, ஒரு டீகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அவர் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. நீல ஹெல்மெட் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கே அம்மனிடம் வேண்டிக்கொண்டேன், என்னால் ஆனதை நானும் செய்கிறேன் என்று. சுத்துப்பட்டு ஊர்களில் ரத்தம் கொடுக்கச் சம்மதிக்கிறவர்களின் பேர், ரத்த வகை, போன் நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். நோட்டு நிரம்பியதும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கடையிலேயே ஒரு பழைய மிஷினை அதற்கென்று ஒதுக்கி, சர்வராக்கி, போனில் எங்கிருந்தும் பார்க்கிற மாதிரி ஒரு வெப்சைட் போட்டேன். முதல் பக்கத்தில் ஒரு குத்துவிளக்குப் படம். அதற்குக் கீழே ரத்த வகைகள். ஒன்றை அமுக்கினால் பேர்கள் வரும்.

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. ஆரம்பத்தில் அந்தப் பட்டியல் திறந்த வீடாகத்தான் இருந்தது. எவனோ ஒருத்தன் அதிலிருந்து ஒரு நர்ஸ் பெண்ணின் நம்பரை எடுத்து, ராத்திரி பகல் பார்க்காமல் தொந்தரவு செய்தான். அந்தப் பெண் கடைக்கே வந்து, "அண்ணே, என் பேர எடுத்துடுங்க" என்று அழுதது. அதன் பிறகு பட்டியல் இருந்த ஃபைலுக்கும், அந்த ஃபைல் இருந்த போல்டருக்கும் பூட்டுப் போட்டேன். சர்வர் சாஃப்ட்வேர் என்பது மிஷினுக்குள்ளே ஒரு வேலையாள் மாதிரி. அதற்கென்று ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் கொண்ட ஆள் மட்டும் பட்டியலைத் திறக்கலாம், யார் கேட்கிறார்கள், எந்த ஆஸ்பத்திரி என்று விவரம் வாங்கிக்கொண்டு வேண்டியதை எடுத்துக் கொடுக்கலாம், வேறு யாரும் தொடக்கூடாது என்று வைத்தேன். குத்துவிளக்குப் படத்துக்குப் பூட்டு இல்லை. அதை யாரும் பார்க்கலாம். நன்றாகத்தான் வைத்தேன். நாலு வருஷம் ஒரு குறை வரவில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில், சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் திங்கட்கிழமை. ஊரில் எல்லோரும் டிராக்டரையும் பைக்கையும் வாய்க்காலில் இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நானும் கடையைக் கூட்டித் துடைத்தேன். ஜெராக்ஸ் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். அந்தப் பழைய மிஷின் முன்னால் உட்கார்ந்தபோது, ரொம்ப மாதமாகவே அது சொல்லிக்கொண்டிருந்த எச்சரிக்கை கண்ணில் பட்டது: சர்வர் சாஃப்ட்வேர் பழசாகிவிட்டது, புதுசு போடு. வெளியே துடைத்த மாதிரி உள்ளேயும் சுத்தம் பண்ணிவிட்டுப் பூஜையில் வைப்போமே என்று ஒரு ஆசை. பழசை எடுத்துவிட்டு, அதைத் தயாரிக்கிறவர்களே கொடுக்கிற புதுசை இறக்கினேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. என் போனில் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். குத்துவிளக்கு எரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு போனை மூடினேன்.

விளக்குக்குக் கீழே ஒரு வகையை அமுக்கிப் பார்க்கவில்லை.

புது சாஃப்ட்வேர் வேறு பேரில் வேலை செய்கிற ஆள். இது எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் வாய்க்கால் மதகைத் திறந்து மூட லஸ்கர் என்று ஒரு அரசாங்க ஆள் இருப்பார். பழைய லஸ்கர் மாற்றலாகிப் போய் புதுசாக ஒருத்தர் வருகிறார், ஆனால் மதகுச் சாவி பழையவர் இடுப்பிலேயே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது ஆள் மதகு மேலேயே நிற்பார், வயல் காயும். அதுதான் நடந்தது. பட்டியல் பத்திரமாக உள்ளே இருந்தது. அதைத் திறக்க அனுமதி உள்ள ஆள் மிஷினில் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கடையில் பூஜை போட்டேன். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் கட்டிய சீரியல் செட் விளக்கு எரியட்டும் என்று அப்படியே விட்டேன். வீட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் மகள் தன் பாடப்புத்தகங்களை அடுக்கியிருந்தாள். பழைய ரத்த நோட்டையும் நான் அடியில் வைத்தேன். வருஷா வருஷம் வைப்பேன், அந்த நோட்டில்தானே எல்லாம் ஆரம்பித்தது. மேலே மனைவியின் கூறைப்புடவையை மடித்துப் போட்டோம். எங்கள் பழக்கத்தில், பூஜையில் வைத்த ஆயுதத்தையும் புத்தகத்தையும் மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக்கூடாது. என் அப்பா காலத்தில் ஏர்க் கலப்பையை அப்படித்தான் வைத்தார்கள்.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. எங்கள் ஊரில் குத்தகைக்கு நிலம் சாகுபடி செய்கிறவர், எனக்குப் பத்து வயசு மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"தம்பி, தஞ்சாவூர்லேருந்து பேசுறேன். பாப்பாவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு."

"ரொம்ப சந்தோஷம்ணே. இன்னிக்குன்னு பாத்து சரஸ்வதியே வந்துட்டா."

"வந்துட்டாப்பா. ஆனா இவளுக்கு ரத்தப்போக்கு நிக்கலைங்கிறாங்க. ஓ நெகட்டிவாம். இருந்த ஒரு பாட்டிலையும் ஏத்திட்டாங்க. இன்னும் வேணும், ஆளு இருந்தா உடனே கூட்டியாங்கன்னுட்டாங்க. உன் லிஸ்ட்டு தொறக்க மாட்டேங்குதே?"

என் போனில் பார்த்தேன். குத்துவிளக்கு நன்றாக எரிந்தது.

"எனக்கு வருதேண்ணே. அங்க உள்ள டவர் எடுக்காது. வெளிய வந்து அமுக்கிப் பாருங்க."

"சரிப்பா, பாக்குறேன்."

அவர் நல்ல மனுஷர். நான் சொன்னதை நம்பி மூன்று மாடி இறங்கி வெயிலில் நின்று அமுக்கிக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. நான் இலையில் உட்கார்ந்தேன். வடை, பாயசம், சுண்டல். வயிறு நிறையச் சாப்பிட்டேன். இதை எழுதாமல் விடலாம் என்று மனைவி சொன்னாள். விட மனம் வரவில்லை.

ஒரு மணிக்கு மறுபடி அவர்.

"தம்பி, வெளக்கு வருது. ஓ நெகட்டிவ்ல கை வச்சா இங்கிலீஷ்ல என்னமோ வருது. நர்ஸம்மா படிச்சாங்க. அனுமதி இல்லைன்னு போட்டிருக்காம். எனக்கு அனுமதி இல்லையா, என்னப்பா அது?"

அந்த வார்த்தையைக் கேட்டதுமே கோளாறு அவர் போனில் இல்லை, என் மிஷினில் என்று தெரிந்துவிட்டது. "பாத்துட்டுக் கூப்பிடுறேண்ணே" என்று வைத்துவிட்டேன்.

மனைவி கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, போய்க் கடையத் தொறங்க."

"பூஜையில வச்சிருக்குடி. சூடம் காட்டி எடுக்காம எப்படித் தொடுறது?"

"அம்மனா வந்து உங்க கையப் புடிக்கப் போறா? போங்க."

"நீ சும்மா இரு. ரெண்டு பேரு நம்பரு எங்கிட்டயே இருக்கு, அவங்களக் கேக்குறேன்."

"எனக்கு ரத்தம் குடுத்தவரு நல்ல நேரம் பாத்தா கெளம்புனாரு?"

எனக்குக் கோபம் வந்தது. நல்ல நாளில் வாயைக் கொடுக்காதே என்று கத்தினேன். மகள் அறைக்குள் போய்விட்டாள். போனில் ஞாபகத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். ஒருத்தர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். ஒருத்தர் சென்னையில். இதற்குள் வாட்ஸ்அப்பில் அவசரம் அவசரம் என்று செய்தி சுற்றியது. கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் என்னைக் கூப்பிட்டு, "கெடச்சிருச்சா சார்?" என்று கேட்டார்கள். நடுவில் யாரோ நெகட்டிவைப் பாசிட்டிவ் என்று மாற்றி அனுப்பியதில், ஆறு பிள்ளைகள் வகை மாறி ஆஸ்பத்திரிக்கு வந்து நின்று திரும்பிப் போயிருக்கிறார்கள்.

கடைக்குப் போய்ச் சின்னதாக ஒரு மறுபூஜை போட்டுவிட்டுத் திறக்கலாம் என்று முடிவு பண்ணினேன். காலண்டரைப் பார்த்தேன். மணி இரண்டே முக்கால். செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை வரை. நான் குளித்து, வேட்டி மாற்றி, கடைக்குப் போவதற்குள் மூன்றாகிவிடும். நாலரைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பூஜை அறையிலேயே உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்காக ஜபம் பண்ணினேன். மனசாரத்தான் பண்ணினேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

மூன்றேகாலுக்கு மூன்றாவது போன். இந்தத் தடவை அவர் குரல் அவர் குரலாக இல்லை.

"தம்பி... இங்க எந்த பிளட் பேங்க்லயும் இல்ல, திருச்சிக்குச் சொல்லியிருக்காங்களாம். லீவு நாளு, வர நேரமாவுங்கிறாங்க. உன்னத்தான்பா நம்பியிருக்கேன்."

நான் பதில் சொல்வதற்குள் மனைவி எழுந்து வந்தாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்த கூறைப்புடவையை உருவித் தூரப் போட்டாள். புத்தகங்கள் சரிந்தன. அடியிலிருந்து ரத்த நோட்டை இழுத்து, மண்டியிட்டு உட்கார்ந்து பக்கம் புரட்டினாள். என்னைப் பார்க்கவே இல்லை. ஓ நெகட்டிவ் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் நான் ஏற்கெனவே கேட்டவர்கள். மூன்றாவது ஆள் தஞ்சாவூரிலேயே இருக்கிற ஒரு பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். நம்பரைப் போட்டாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

"புது நம்பர் கம்ப்யூட்டர்ல ஏத்துனேன்" என்றேன். "நோட்டுல மாத்தல."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு ராகு காலம் தெரியவில்லை, செருப்புப் போட்டேனா என்று தெரியவில்லை. ஓடினேன்.

மாலையைப் பிய்த்தெறிந்துவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தபோது மூன்று நாற்பது. சாஃப்ட்வேரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். அனுமதி இல்லை. மிஷினையே அணைத்துப் போட்டேன். அனுமதி இல்லை. புதுசை எடுத்துவிட்டுப் பழசையே போடப் பார்த்தேன், புதுசு போக மறுத்தது. பிறகு, சர்வர் தன் தவறுகளை எழுதி வைக்கிற ஃபைலைத் திறந்தேன். வரிவரியாக ஒரே வாக்கியம்: அனுமதி மறுக்கப்பட்டது, அனுமதி மறுக்கப்பட்டது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம் போட்டிருந்தது. பதினொன்று இருபது. பதினொன்று இருபத்தொன்று. பதினொன்று நாற்பது, அது வெயிலில் நின்று அமுக்கியது. நான் சாப்பிட்ட நேரம் முழுக்க வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியும் அந்த மனுஷர் விரல் பட்ட இடம்.

அந்த வரிகளிலேயே புது வேலையாளின் பேர் இருந்தது. பேர் மாறியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பட்டியலைப் புது பேருக்கு மாற்றி எழுதினேன். மறுபடி அனுமதி இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன். ஃபைல் புது ஆளுக்குச் சொந்தமாகிவிட்டது, அது இருந்த போல்டர் இன்னும் பழைய ஆளுக்கே சொந்தமாக இருந்தது. அறைக்குள் பெட்டியைத் திறந்து வைத்து அறையைப் பூட்டியே விட்டிருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க இன்னும் அரை மணி. போல்டரையும் மாற்றினேன். போனில் அமுக்கினேன். ஓ நெகட்டிவுக்குக் கீழே டிரில் மாஸ்டர் பேர் வந்து நின்றது. மணி நாலு ஐம்பது.

முதல் ரிங்கிலேயே எடுத்தார். "சொல்லுங்க சார். அந்த ஆஸ்பத்திரியா? எங்க வீட்டுலேருந்து ரெண்டு தெரு. இந்தா கெளம்பிட்டேன்."

பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். பரிசோதனை எல்லாம் முடிந்து, அவர் ரத்தம் பைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மேல் மாடியில் அண்ணன் மகள் போய்விட்டாள். இருபத்திரண்டு வயசு. என் கடையில்தான் பிளஸ் டூ மார்க் பார்த்தாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததற்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

டிரில் மாஸ்டர் ராத்திரி என்னைக் கூப்பிட்டார். குறை சொல்லக் கூப்பிடவில்லை. "காலையிலேருந்து வீட்லதான் சார் இருந்தேன். டிவி பாத்துக்கிட்டு சும்மாதான் படுத்திருந்தேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். முன்னாடியே கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பிறகு ஒரு நாள் அவளுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவைக் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார். பிழைத்திருக்க மாட்டாள் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொன்று. அதைத்தான் எழுத முடியாமல் இருந்தேன். நான் அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மிஷின் என்னுடையது. எஜமான் பாஸ்வேர்ட் என் கையில். எஜமானுக்குப் பூட்டு கிடையாது. உட்கார்ந்த இடத்திலேயே அந்த ஃபைலை நேரடியாகத் திறந்து அந்த நம்பரைப் படித்திருக்கலாம். ஐந்து நொடி வேலை. அது எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே இருக்கிறவர்களுக்கு வாசலைத் திறக்க வேண்டும் என்றே ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசலோடு போராடிக்கொண்டிருந்தேன். கருமாதி முடிந்த மறுநாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. கொல்லையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு முன்னால், பால் தெளிக்கிற அன்றைக்கு, அந்த அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே பச்சைக் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஷினுக்கு என்னப்பா ஆச்சு அன்னிக்கு?" என்று கேட்டார். சும்மா கேட்டார், குற்றமாகக் கேட்கவில்லை. சுற்றிலும் பத்துப் பேர்.

"கரண்டு இல்லண்ணே" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கரண்ட் இல்லாவிட்டால் குத்துவிளக்குப் படம் மட்டும் எப்படி வரும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. "நல்ல நாள்லகூட நிறுத்துறானுவளே, பாவிப் பயலுவ" என்றார் பக்கத்தில் இருந்தவர். அவ்வளவுதான். நான் சொன்ன பொய் அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடைக்கு வந்துவிட்டது.

எங்கள் ஊர் வயர்மேன் வேறு ஊர்க்காரர், அமைதியான ஆள். அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் பெஞ்சிலிருந்து குரல் வரும். "வாய்யா கரண்டு! பீஸ் கட்டையப் புடுங்கிப் பூஜையில வச்சிட்டியாமே?" அவர், "நான் எங்கய்யா நிறுத்துனேன், அன்னிக்குப் பூரா லைன்ல கரண்டு இருந்துச்சே" என்பார். "ஆமாமா, அந்தப் பொண்ணுதான் பொய் சொல்லிட்டுச் செத்துப்போச்சு" என்பார்கள். ஒரு நாள் அவளுடைய பெரியம்மா நடுத்தெருவில் மண்ணை வாரி அவர் மேல் தூற்றினாள். நான் கடைக்குள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தைக்குள் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு வேளாங்கண்ணிப் பக்கம் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் கதை வேறு மாதிரியும் மாறியது. பூஜையில் வைத்த மிஷினைத் தொட்டதால்தான் அந்த உயிர் போனது என்று கோயில் வாசலில் ஒருத்தர் சொல்ல, என் காதாலேயே கேட்டேன். என் மனைவி பூஜையைக் கலைத்ததும் அதில் சேர்ந்துவிட்டது. அவள் மாரியம்மனுக்கு மாவிளக்கு போடப் போனபோது நாலு பெண்கள் தள்ளி நின்றார்கள். அதையும் வந்து என்னிடம் சொன்னாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் மகள் இறந்தது நவமி. சரஸ்வதி பூஜையும் நவமி. வருஷா வருஷம் ஊரே பூஜை போடுகிற அன்றைக்குத்தான் அந்த வீட்டில் திதி. இந்த வருஷம் திதி முடிந்த மூன்றாம் நாள் அவரைத் தேடி வயலுக்குப் போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தவறுகளின் ஃபைலை அன்றைக்கே பிரிண்ட் எடுத்து ரத்த நோட்டின் அட்டைக்குள் வைத்திருந்தேன். அதை அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அமுக்கிப் பார்க்காமல் விட்டது, சாப்பிட்டது, ராகு காலம் பார்த்தது, ஐந்து நொடி வேலை, கரண்ட் என்று சொன்னது.

அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நேரம் படிக்கத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக மேலிருந்து கீழே வந்தார்.

"இதெல்லாம் நான் அமுக்குனதா?"

"ஆமாண்ணே."

கடைசி வரிவரை விரலை நகர்த்தினார். பிறகு, வயலைப் பார்த்தபடியே சொன்னார். "கரண்டு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு ஒரு மணிக்கு நீ போன வச்சதும் என் தம்பிய உன் கடைக்கு அனுப்புனேன். ஷட்டர் பாதி எறங்கியிருந்துச்சு, உன்னக் காணும், சீரியல் செட்டு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சுன்னான்."

"அப்பறம் ஏண்ணே கேக்கல?"

"கேட்டா? பச்சப் புள்ளய வச்சுக்கிட்டு உங்கூட மல்லுக்கு நிக்கவா?" காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கவில்லை. "அந்த வயர்மேன் மேல மண்ணப் போட்டப்ப நானும் நின்னுக்கிட்டுதான் இருந்தேன். அதுக்கு நான் என்ன செய்யுறது? அந்தாளுகிட்டப் போயி மொதல்ல சொல்லு. அப்பறம் ஊருக்குச் சொல்லு. அந்தக் கொழந்த நாளைக்குப் பெருசாயி கேக்கும்ல, அதுக்கு ஒரே பதிலா இருக்கட்டும்."

போனேன். விசாரித்துக் கண்டுபிடித்தேன். இப்போது ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். வாசலில் நிற்க வைத்துத்தான் கேட்டார். முழுக்கக் கேட்டார். "என் பொண்டாட்டி சாவுற வரைக்கும் என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தா, நெசமாவே நீங்க நிறுத்தலையான்னு" என்றார். கேட்டைச் சாத்தினார். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

நான் இன்றைக்கும் பூஜை போடுகிறேன். மாரியம்மன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவள் என்னைத் தடுக்கவில்லை. தடுத்தது நான். பட்டியல் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது, ஒன்று என் மனைவியின் கையில், பூஜையில் சேராமல்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை வேறு யாரிடமாவது சொல்வதாக இருந்தால் நடந்தபடியே சொல்லுங்கள். கரண்டைக் கொண்டுவராதீர்கள், அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று சேர்க்காதீர்கள், என் மனைவி பூஜையைக் கலைத்தாள் என்பதை அவள் குற்றமாகச் சொல்லாதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு அந்த ஐந்து நொடியையும் எடுத்துவிடாதீர்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது ஏழு வயசு, இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டது. அது வந்து கேட்கிற அன்றைக்கு, எந்த வீட்டில் கேட்டாலும் இதே கதை கிடைக்க வேண்டும்.